எண்களைப் பிளந்தோர்

இரண்டு எண்களுக்கு மீப்பெரு பொதுக் காரணி காணும் முறையைக் கற்பிக்கப் புகும் பாடசாலை ஆசிரியர், முதலில் இரண்டையும் பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொல்லி, பிரித்தவற்றுள் இரண்டிலும் பொதுவாக நிற்பவற்றை மாத்திரம் பொறுக்கிப் பெருக்கச் சொல்லி, வந்த விடையின்கீழ்க் கோடு போடச் சொல்லுகிறார். 84 என்பது 2×2×3×7. 126 என்பது 2×3×3×7. இரண்டிலும் பொதுவாக இருப்பவை ஒரு 2, ஒரு 3, ஒரு 7. ஆகவே விடை 42. இதைக் காட்டிலும் தெளிவான வழி வேறில்லை என்று மாணவனும் நம்புகிறான், ஆசிரியரும் நம்புகிறார். ஆனால் கணிதத்தின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், இந்த எளிய வழி காலத்தால் பிந்தியது என்பதும், "பிரித்துக்கொள்" என்று ஒரே சொல்லில் ஆசிரியர் சொல்லிவிட்டுப் போகிற அந்த முதல் வேலைக்காக ஐரோப்பாவில் ஏறக்குறைய முந்நூறு வருஷ காலம் பலர் தம் கண்ணையும் ஆயுளையும் செலவிட்டார்கள் என்பதும் தெரியவரும். அவர்கள் பெயரை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லுவதில்லை. அவர்களைப் பற்றி எழுதுவதே என் நோக்கம்; ஆயினும் அவர்களுடைய உழைப்பு எதற்கு வேண்டியிருந்தது, எதற்கு வேண்டியிருக்கவில்லை என்பது விளங்கவேண்டுமானால், அவர்களுக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்திலிருந்து தொடங்கவேண்டும்.

கி.மு. 300ஐ ஒட்டி அலெக்ஸாந்திரியா நகரில் வாழ்ந்த யூக்ளிட் என்றதும் நமக்கு முக்கோணமும் வட்டமுமே நினைவுக்கு வருகின்றன. அவருடைய 'மூலங்கள்' என்னும் நூலின் பதின்மூன்று புத்தகங்களுள் 7, 8, 9 ஆகிய மூன்றும் எண்களைப் பற்றியவை என்பதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஏழாம் புத்தகத்தின் வாயிலிலேயே, முதலிரண்டு தேற்றங்களாக, இரண்டு எண்களுக்குரிய மிகப் பெரிய பொது அளவைக் காணும் வழியை அவர் வைத்துவிட்டார். பெரியதிலிருந்து சிறியதை இயன்றமட்டும் கழிக்கவேண்டும்; மிஞ்சியதைச் சிறியதிலிருந்து இயன்றமட்டும் கழிக்கவேண்டும்; இவ்விதம் மாற்றி மாற்றிக் கழித்துக்கொண்டே போகையில், எந்த எண் தனக்கு முந்தியதை மீதியின்றி அளந்துவிடுகிறதோ அதுவே விடை. 126இலிருந்து 84ஐக் கழித்தால் 42, 84இலிருந்து 42ஐ இருமுறை கழித்தால் ஒன்றுமில்லை, விடை 42. இதில் பகா எண் என்ற பேச்சே எழவில்லை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். பகா எண் ஒன்று இரண்டு எண்களின் பெருக்கத்தை வகுக்குமானால் அவ்விரண்டில் ஒன்றையாவது வகுத்தே தீரும் என்பதும், எந்த எண்ணும் தானே பகா எண்ணாக இருக்கும் அல்லது ஒரு பகா எண்ணால் வகுபடும் என்பதும் அதே புத்தகத்தில் 30 முதல் 32 வரையுள்ள தேற்றங்களாகப் பின்னால் வருகின்றன. அதாவது, பொது அளவைப் பற்றிய விதிகளை அஸ்திவாரமாக இட்டு, அதன்மேல் பகா எண்ணின் விதிகளை அவர் எழுப்பினார். நம் பாடப்புத்தகங்களோ அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, பகா எண்ணை முதலில் வைத்துப் பொதுக் காரணியை அதிலிருந்து வரவழைக்கின்றன.

யூக்ளிட் மட்டுமே இவ்வாறு சிந்தித்தார் என்பதில்லை. சீன தேசத்தில் ஹான் வமிசத்தார் காலத்தில் உருப்பெற்ற 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூலின் முதல் அத்தியாயத்தில், நிலம் அளக்கும் கணக்குகளுக்கிடையே, 49/91 என்ற பின்னத்தைச் சுருக்குமாறு ஒரு கணக்கு வருகிறது. 91இலிருந்து 49 போக 42. 49இலிருந்து 42 போக 7. 42ஐ 7 மீதியின்றி வகுத்துவிடும். ஆகவே இரண்டையும் 7ஆல் வகுக்க, பின்னம் 7/13 ஆகிறது. நிலத்தைப் பங்கிடும் சீன அதிகாரியும் கோட்டை வரைந்து அளக்கும் கிரேக்க அறிஞரும் ஒரே வழியில் போயிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இம்முறை அளவிலும் பயனிலும் பன்மடங்கு பெருகிற்று; அதற்குக் காரணம் ஜோதிஷ கணிதம். கி.பி. 499இல் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தின் கணித பாதத்தில் 32, 33ஆம் சுலோகங்கள் குட்டாகாரம் என்னும் முறையைக் கூறுகின்றன. கிரகங்கள் எத்தனை நாளில் எத்தனை முறை சுற்றும் என்பதை ஒரு மகாயுகத்துக்கென்று பேரெண்களால் சொல்லி வைத்துவிட்டு, இன்று இன்ன பாகையில் காணப்படும் கிரகத்துக்கு யுகத் தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் சென்றன என்று திருப்பிக் கேட்டால், அதற்கு விடை காணும் உபாயமே குட்டாகாரம். அந்த உபாயத்தின் உயிர்நாடி, யூக்ளிட் சொன்னதுபோல மாற்றி மாற்றி வகுத்தலே. 629இல் ஆரியபடீயத்துக்கு உரை வரைந்த முதலாம் பாஸ்கரர், இவ்வேலையில் இறங்குமுன் இரண்டு எண்களையும் அவற்றின் பெரிய பொதுக் காரணியால் வகுத்துச் சிறியவையாக்கிக்கொள்ளுகிறார். அப்படிச் செய்யாவிடில் கணக்கு வீணே நீளும் என்பது ஒரு காரணம், சில கேள்விகளுக்கு விடையே இல்லை என்பது அவ்விடத்திலேயே தெரிந்துவிடும் என்பது மற்றொரு காரணம்.

இதைச் சற்று நெருங்கி நின்று பார்ப்பது நல்லது. ஆரியபடர் ஒரு மகாயுகத்துக்கு 1,57,79,17,500 நாள்கள் என்றும், அக்காலத்தில் சூரியன் 43,20,000 முறையும் சந்திரன் 5,77,53,336 முறையும் சுற்றுகின்றன என்றும் கொண்டார். முதலில் சூரியன்: 43,20,000க்கும் நாள் எண்ணுக்கும் மாற்றி மாற்றி வகுத்தால் ஏழே வகுத்தல்களில் 7,500 என்ற பொதுக் காரணி கிடைக்கிறது, இரண்டையும் அதனால் வகுக்க, 576 வருஷங்களுக்கு 2,10,389 நாள் என்ற சிறிய கணக்கு நிற்கிறது. இதிலிருந்து ஒரு வருஷத்துக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை என்று வரும். தமிழ்நாட்டு வாக்கிய பஞ்சாங்கத்தின் வருஷ அளவு இதுதான். 1825இல் ஜான் வாரன் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலிதம்' என்ற ஆங்கில நூலிலும் தமிழ்ச் சௌர வருஷத்தின் அளவாக இதையே காணலாம். சித்திரை பிறக்கும் நாழிகையைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளும் நம்மவர், ஆரியபடரின் அந்தப் பேரெண்கள் சுருங்கிப் பிறந்த பின்னத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சந்திரன் விஷயம் இன்னும் ரஸமானது. 1,57,79,17,500ஐ 5,77,53,336ஆல் வகுத்தால் ஈவு 27, மீதி 1,85,77,428. முதல் ஈவே நட்சத்திரங்களின் தொகையாக வந்து நிற்பது தற்செயலல்ல; சந்திரன் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நாள் அதுதானே. மேற்கொண்டு வகுத்தால் மீதிகள் 20,21,052, 3,87,960, 81,252, 62,952, 18,300, 8,052, 2,196, 1,464, 732 என்று இறங்கிக்கொண்டே வந்து, பதினோராவது வகுத்தலில் 732ஆல் 1,464 மீதியின்றிப் போய்விடுகிறது. ஆகவே 732தான் மீப்பெரு பொதுக் காரணி. அதனால் வகுக்க, பாஸ்கரர் கையாளும் 78,898 சுற்று, 21,55,625 நாள் என்ற எண்கள் கிடைக்கின்றன. நூற்றைம்பது கோடிக்கு மேற்பட்ட எண்ணில் தொடங்கி, ஒரு முழத் துண்டுப் பனையோலையில் அடங்கிவிடும் வேலை.

இதே கணக்கை நம் பாடசாலை முறைப்படி செய்வோம். 5,77,53,336இலிருந்து மூன்று இரண்டுகளையும் ஒரு மூன்றையும் பிரித்தெடுப்பது எளிது, மிஞ்சுவது 24,06,389. இதை 5 வகுக்காது, 7 வகுக்காது, 11, 13, 17 என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு 59 வரையில் போனாலும் பதினைந்து பகா எண்களும் கைவிரித்துவிடுகின்றன. பதினாறாவதாக வரும் 61 மீதியின்றி வகுக்கிறது. ஈவு 39,449. மறுபடியும் 61 முதல் 101 வரையில் ஒன்பது எண்கள் கைவிரிக்க, 103 வகுக்கிறது. ஈவு 383, அது பகா எண். ஆகச் சந்திரன் எண் 2×2×2×3×61×103×383. நாள் எண்ணையும் இவ்வாறே பிளந்தால் 2×2×3×5×5×5×5×61×3,449 என்று வரும். பொதுவானவை 2, 2, 3, 61, பெருக்க 732. விடை சரி, ஆனால் பயனற்ற வகுத்தல்கள் எத்தனை! முதல் எண்ணைப் பிளந்தபின் இரண்டாவதில் அதே காரணிகளை மாத்திரம் சோதித்தால் போதும் என்று சுருக்குவழி சொல்லலாம். அப்போதும் முதல் எண்ணைப் பிளக்கும் பாடு தீராது. 24,06,389க்குள் 61 ஒளிந்திருக்கிறது என்பதை எந்த அடையாளமும் முன்கூட்டிச் சொல்லுவதில்லை. ஆரியபடரின் சந்ததியார் இந்தப் பாட்டுக்குப் போகவில்லை. போகவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

அப்படியானால் எண்களைப் பகாக் காரணிகளாகப் பிளக்கவேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது? யூக்ளிட்டுக்கு அடுத்த தலைமுறைகளில், அதே அலெக்ஸாந்திரியாவின் நூலகத்தலைவராக இருந்த எரதோஸ்தனீஸ், எண்களை வரிசையாக எழுதி, இரண்டின் மடங்குகள், மூன்றின் மடங்குகள், ஐந்தின் மடங்குகள் என்று நீக்கிக்கொண்டே போய்ப் பகா எண்களை மட்டும் நிறுத்தும் சல்லடை முறையைக் கண்டார் என்று பிற்காலத்துக் கிரேக்கக் கணிதர் நிகோமாக்கஸ் எழுதியிருக்கிறார். ஆயினும் அது பகா எண்ணைத் தேடியதே தவிர, பகு எண்ணைப் பிளக்கத் தேடியதன்று. பிளக்கும் விஷயத்தில் இடைக்காலத்துக் கணிதர் மூவரைச் சொல்லலாம். பீஸா நகரத்து லியோனார்டோ 1202இல் எழுதிய நூலில், ஓர் எண்ணைச் சோதிக்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று சொல்லிவைத்தார். இந்தச் சிறிய அறிவுரை இல்லாவிடில் பின்வந்த பட்டியல்காரர்களின் வேலை பலமடங்கு பெருத்திருக்கும். பாரசீகத்து அல்-பாரிசி, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒன்றன் வகுத்திகளை, அந்த எண் நீங்கலாக, கூட்டினால் மற்றொன்றாகும் 'நட்பு எண்களை' ஆராய்ந்தபோது, எந்த எண்ணும் பகா எண்களின் பெருக்கமாகப் பிரியும் என்பதையும் அதிலிருந்து அதன் எல்லா வகுத்திகளையும் எப்படித் தொகுப்பது என்பதையும் விளக்கினார். நம் நாராயண பண்டிதர் 1356இல் இயற்றிய 'கணித கௌமுதி'யில் வகுத்திகளைக் காணும் பகுதியில் ஓர் அழகிய வழியைத் தருகிறார்: கொடுத்த எண்ணுடன் ஒரு வர்க்கத்தைக் கூட்டி மற்றொரு வர்க்கமாக்க முடியுமானால், எண் பிளந்துவிட்டது. 8,051உடன் 49ஐக் கூட்டினால் 8,100, அது 90இன் வர்க்கம். 49 என்பது 7இன் வர்க்கம். ஆகவே காரணிகள் 90−7, 90+7, அதாவது 83, 97. பிரான்சில் வழக்கறிஞராய் வாழ்ந்துகொண்டு ஓய்வு நேரத்தில் கணிதம் செய்த பெர்மா, 1643ஐ ஒட்டிய ஒரு கடிதத்தில், இதே வழியால் 2,02,76,51,281ஐ 44,021×46,061 என்று பிளந்து காட்டினார். இருவருக்கும் நடுவே சுமார் முந்நூறு வருஷம். ஒருவரை ஒருவர் அறியார்.

இத்தகைய சாமர்த்தியம் எல்லா எண்களிடமும் செல்லாது. ஆகவே சாமர்த்தியத்தை விட்டுப் பொறுமையைக் கைக்கொண்டவர்கள் வந்தார்கள். ஒன்று முதல் இத்தனை வரையுள்ள எண்கள் எல்லாவற்றுக்கும் காரணிகளை ஒருமுறை கண்டு அச்சிட்டுவிட்டால், பிறகு யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, புரட்டிப் பார்த்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். பொலோனியாவில் கதால்தி என்பவர் 1603இல் 800 வரையில் இதைச் செய்தார். சூரிக் நகரத்து ரான் 1659இல் 24,000 வரையில் நீட்டினார். வகுத்தலுக்கு நாம் இன்று போடும் ÷ என்ற குறி முதன்முதல் அச்சேறியது அவருடைய அந்தப் புத்தகத்தில்தான். அப்புத்தகத்தை ஆங்கிலத்தில் பிராங்கர் பெயர்த்தபோது, ஜான் பெல் என்னும் கணித அறிஞரின் சகாயத்தால் பட்டியல் 1,00,000 வரையில் வளர்ந்து 1668இல் லண்டனில் வெளிவந்தது. நம் சந்திரன் கணக்கில் நடுவே நின்று தொல்லை கொடுத்த 39,449க்கு 103 என்ற விடையை இத்தகைய பட்டியல் உடனே தந்துவிடும்.

இவர்கள் மீப்பெரு பொதுக் காரணிக்காக இவ்வளவு பாடுபட்டார்கள் என்று நினைத்தால் தவறு. அதற்கு யூக்ளிட் முறை இருந்தது. இவர்கள் காலத்தில் மடக்கைகள் என்னும் லாகரிதங்கள் வழக்குக்கு வந்துவிட்டன. பகா எண்களுக்கு மட்டும் மடக்கையை அரும்பாடுபட்டுக் கணித்துவிட்டால், பகு எண்களுக்கு அவற்றைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஆனால் எந்த எண் எந்தப் பகா எண்களின் பெருக்கம் என்று தெரியவேண்டும். எண்களின் தன்மையை ஆராயும் அறிஞர்களுக்கும் அதே தகவல் வேண்டியிருந்தது. ஆகையால்தான் 1770இல் பெர்லினில் லாம்பர்ட் என்ற பேரறிஞர் மடக்கைப் பட்டியல்களுக்குச் சேர்க்கையாக வெளியிட்ட நூலில் 1,02,000 வரையுள்ள காரணிப் பட்டியலையும் சேர்த்து, யாராவது முன்வந்து இதைப் பத்து லட்சம் வரை நீட்டிக்கொடுக்க வேண்டும் என்று அறைகூவினார்.

அறைகூவலைக் கேட்டு வந்தவர்களுள் வியன்னா நகரத்துப் பள்ளி ஆசிரியர் அந்தோன் பெல்கலின் கதை பரிதாபமானது. பகா எண்களுக்குப் பதில் எழுத்துகளை இட்டுக் காகிதத்தைச் சிக்கனப்படுத்தும் ஒரு விசித்திரமான குறியீட்டை அவர் வகுத்துக்கொண்டு, 1776இல் ஏகாதிபத்தியக் கருவூலத்தின் செலவில் 4,08,000 வரையில் அச்சிட்டார். மேற்கொண்டும் இருபது லட்சம் வரை கையெழுத்தில் தயாராக இருந்தது என்று சொல்லுகிறார்கள். வாங்குவார் இல்லை. விற்காமல் கிடந்த பிரதிகளைக் கருவூலத்தார் துருக்கியரோடு நடந்த யுத்தத்தில் துப்பாக்கித் தோட்டா சுற்றும் காகிதமாக உபயோகித்துவிட்டார்கள். சில பிரதிகளே தப்பின. அந்தக் குறியீட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: பட்டியல் என்பது கண் பட்டவுடன் விடை சொல்ல வேண்டிய பொருள், அதை வாசிக்கவே ஒரு தனிப் பாடம் படிக்கவேண்டும் என்றால் வாங்குவோர் தயங்குவது இயல்பு. ஆயினும் பொறுமையோடு கணித்த ஒரு மனிதரின் உழைப்பு வெடிமருந்துப் பொட்டலமாகப் போனது அந்தத் தவறுக்குத் தக்க தண்டனையல்ல.

லாம்பர்ட் கேட்ட பத்து லட்சத்தை நிறைவேற்றியவர் ஹங்கேரியில் பிறந்து ஹாலந்து தேசத்து தெவெந்தர் நகரில் ஆசிரியராயிருந்த செர்னாக். 'கணிதச் சல்லடை' என்று பொருள்படும் இலத்தீன் பெயரோடு 1811இல் வெளிவந்த அவர் நூல், 10,20,000 வரையில் 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாத ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் எல்லாப் பகாக் காரணிகளையும் தருகிறது. அடுத்து பாரிஸில் வானியல் அறிஞராக விளங்கிய ஜெர்மானியர் பர்க்ஹார்ட், 1814 முதல் 1817 வரை மூன்று பாகங்களில் 30,36,000 வரை சென்றார். ஆனால் இடத்தைச் சுருக்க, மிகச் சிறிய காரணியை மட்டும் கொடுத்தார். நம் 24,06,389 இதற்குள் அடங்குகிறது; பர்க்ஹார்டின் புத்தகம் கையிலிருந்தால் 61ஐத் தேடி அலையவேண்டியதில்லை.

இப்பட்டியல்கள் எப்படிச் செய்யப்பட்டன என்பதைச் சொல்லாமல் அவற்றின் பெருமை தெரியாது. எண்ணை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்த்தவர் யாருமில்லை. அப்படிச் செய்தால் ஆயுள் போதாது. அடுத்தடுத்த முப்பது எண்களில் 2, 3, 5ஆல் வகுபடாமல் நிற்பவை எட்டு மாத்திரமே. ஆகவே அந்த எட்டுக்கு மட்டும் கட்டம் போட்ட காகிதத்தை முதலில் தயாரித்துக்கொண்டார்கள். ஏழின் மடங்குகள் அந்தக் கட்டங்களில் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் விழும். அந்த ஒழுங்குப்படி துளைகள் வெட்டிய காகிதம் ஒன்றைத் தாளின்மேல் வைத்துத் துளைகளினூடே 7 என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு 11க்கு ஒரு துளைக்காகிதம், 13க்கு ஒன்று. பெரிய பகா எண்களுக்குக் காகிதம் பயன்படாது. மடங்குகளைக் கூட்டிக் கூட்டி எண்ணிக் கட்டத்தைத் தேடி எழுதவேண்டும். முப்பது லட்சத்துக்குச் சற்று மேல் வரை போவதற்கு 1,741 வரையுள்ள பகா எண்களுக்கெல்லாம் இப்படிச் செய்தாகவேண்டும். இறுதியில் ஒன்றும் எழுதப்படாமல் வெறுமையாக நிற்கும் கட்டமே பகா எண். எங்கேனும் ஒரு கட்டம் தவறி எழுதினால் ஒரு பகா எண் பகு எண்ணாகவும், ஒரு பகு எண் பகா எண்ணாகவும் இரட்டைப் பொய் பிறந்துவிடும். பெல், பிராங்கர் பட்டியலுக்கே ஆங்கிலக் கணிதர் ஜான் வாலிஸ் பிழைதிருத்தம் வெளியிட நேர்ந்தது.

இதற்கிடையில் 1801இல், இருபத்து நான்கு வயதான கவுஸ், தம்முடைய 'எண்கணித ஆராய்ச்சிகள்' என்னும் இலத்தீன் நூலின் 16ஆம் பிரிவில், ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதைத் தெளிவாக எடுத்துரைத்து நிரூபித்தார். பாடசாலை முறை நேர்மையானது என்று சொல்வதற்கு ஆதாரம் இந்தத் தேற்றமே. நான் பிளந்தால் ஒரு விதமாகவும் நீங்கள் பிளந்தால் வேறு விதமாகவும் வரக்கூடுமானால், பொதுவானதைப் பொறுக்குவது என்ற பேச்சுக்கே பொருளில்லை. யூக்ளிட் இதன் வாசல்வரை வந்தவர். ஆனால் இத்தேற்றத்தை முழு உருவில் எழுதி வைக்கவில்லை. கவுஸுக்குக் காரணிப் பட்டியல்களின்மேல் சிறு வயதிலிருந்தே பற்று உண்டு. ஆயிரம் ஆயிரமாகப் பகா எண்களை எண்ணிப் பார்த்து அவை அருகிக்கொண்டே போகும் கதியை ஊகித்ததைத் தம் முதுமையில், 1849இல், என்கே என்ற வானியல் அறிஞருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார்.

அந்தப் பற்றினால்தான், ஹாம்பர்க் நகரத்து ஸகரியாஸ் டாசே என்ற மனக்கணக்கு வித்தகரை இவ்வேலையில் அவர் ஏவினார். டாசே எட்டு இலக்க எண் இரண்டை 54 வினாடியில் மனத்திலேயே பெருக்குவார். நூறு இலக்க எண் இரண்டைப் பெருக்க அவருக்கு எட்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. மேடைகளில் வித்தை காட்டித் திரிந்த அவருக்குக் கணிதத்தின் ஆரம்ப உண்மைகளைப் புகட்ட முயன்றவர்கள் தோற்றார்கள். அப்படிப்பட்டவருக்கு 60 லட்சத்துக்கு மேற்பட்ட எண்களின் காரணிகளைக் கண்டு எழுதும் பணியை 1850இல் கவுஸ் பரிந்துரைத்தார். ஹாம்பர்க்கில் பொருளுதவியும் கிடைத்தது. டாசே ஏழாவது, எட்டாவது பத்து லட்சங்களை முடித்து, ஒன்பதாவதில் பாதியில் இருக்கையில், 1861இல், முப்பத்தேழு வயதில் காலமானார். 1862 முதல் 1865 வரை அவருடைய பட்டியல்கள் அச்சாயின. வித்தைகளை மறந்துவிடும் உலகம் அப்பட்டியல்களை மறக்கவில்லை. டாசேயின் திறமைக்கு மேடையைவிட இந்த மேஜையே ஏற்ற இடம் என்று கண்ட கவுஸின் பார்வை மெச்சத்தக்கது.

நடுவே விடுபட்ட நான்கு, ஐந்து, ஆறாவது பத்து லட்சங்களை ஜெர்மானியக் கணிதர் கிரெல்லே கையெழுத்தில் செய்து பெர்லின் கலைக்கழகத்தில் வைத்திருந்தார். ஆனால் அவற்றில் பிழை மலிந்திருந்தமையால் அச்சேறவில்லை. 1879 முதல் 1883 வரையில் அந்த மூன்றையும் புதிதாகக் கணித்து வெளியிட்டவர் ஆங்கிலேயர் ஜேம்ஸ் கிளேஷர். வானிலை ஆராய்வதற்காக 1862இல் பலூனில் 29,000 அடிக்கு மேல் ஏறிப் பிரக்ஞை இழந்து, உடன் வந்தவரால் உயிர்பிழைத்த அதே கிளேஷர்தான். ஆகாயத்தில் அத்தனை சாகசம் செய்தவர் எழுபது வயதை ஒட்டிக் கட்டம் போட்ட காகிதத்தின் முன் அமர்ந்தார்.

இவர்கள் அனைவரையும் உழைப்பால் மிஞ்சியவர் ஒருவர். லெம்பர்க் நகரில் 1793இல் பிறந்து, பிராகா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த யாக்கோப் பிலிப் குலிக், இருபது வருஷ காலம் தனியொருவராக இருந்து 10,03,30,200 வரையுள்ள எண்களுக்குக் காரணிகளைக் கணித்தார். அதற்குப் பதினாயிரத்துக்குட்பட்ட 1,229 பகா எண்களையும் அதற்கு அப்பால் இரண்டையும் கொண்டு சலிக்க வேண்டியிருந்தது. அவர் 1863இல் இறந்தார். எட்டு பாகம், 4,212 பக்கம் கொண்ட அந்தக் கையெழுத்துப் பிரதி 1867இல் வியன்னா கலைக்கழகத்தின் வசம் ஒப்படைக்கப்பட்டது. அச்சேறவில்லை, போதாக்குறைக்கு இரண்டாம் பாகம், அதாவது 1,26,42,600 முதல் 2,28,52,800 வரையுள்ள பகுதி, காணாமற் போய்விட்டது. 1909இல் வாஷிங்டன் கார்னெகி ஸ்தாபனத்தார் வெளியிட்ட டெரிக் நார்மன் லெமரின் முதல் ஒரு கோடி எண்களுக்கான காரணிப் பட்டியல், முந்தியவர்களுடைய பட்டியல்களையும் குலிக்கின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பிழை களைந்து வந்தது. அவ்வளவில் கையால் சலிக்கும் தொழிலுக்கு முடிவு வந்தது என்று சொல்லலாம். லெமரின் மகனே 1926இல் சைக்கிள் சங்கிலிகளைக் கொண்டு எண்களைச் சலிக்கும் யந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார்.

இத்தனை உழைப்பும் மீப்பெரு பொதுக் காரணியைப் பொறுத்தவரை அநாவசியம் என்பதை 1844இல் பிரெஞ்சு அறிஞர் லாமே ஒரு கணக்காகவே எழுதிக்கொடுத்தார். மாற்றி மாற்றி வகுக்கும் முறையில், இரண்டு எண்களுள் சிறியதன் இலக்கங்கள் எத்தனையோ அதன் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல்கள் ஒருபோதும் தேவைப்படா. சந்திரன் எண்ணுக்கு எட்டு இலக்கம். ஆகவே நாற்பதுக்கு மேல் போகாது. உண்மையில் பதினொன்றே போதுமாயிருந்தது. ஐம்பது இலக்க எண் இரண்டைக் கொடுத்தாலும் 250 வகுத்தல்களுக்குள் முடிந்துவிடும். பிளப்பதற்கோ அப்படி ஒரு வரம்பை எந்தப் பட்டியல்காரரும் கண்டதில்லை.

ஆனாலும் பிளந்து பார்த்தவர்கள் கண்ட உலகம் வேறு. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், தமக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்களை ஆராய்ந்து 1915இல் எழுதிய நெடுங்கட்டுரையில், அத்தகைய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்து எழுதிய ஒரு நீண்ட அட்டவணையைச் சேர்த்திருக்கிறார். அந்த அட்டவணையின் ஒழுங்கே அவருடைய தேற்றங்களின் உடலாக அமைந்திருக்கிறது. 1917இல் ஆங்கிலக் கணிதர் ஹார்டியும் அவரும் சேர்ந்து நிறுவியதோ, ஒரு பேரெண்ணுக்குச் சாதாரணமாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்பது: எண்ணின் மடக்கைக்கு மறுபடியும் மடக்கை எடுத்தால் வரும் அளவே. ஒன்றுக்குப்பின் எண்பது பூச்சியம் இட்டாலும் அது ஐந்தை ஒட்டியே நிற்கிறது. பொதுக் காரணி காணும் யூக்ளிட் முறையால் இத்தகைய உண்மைகள் புலப்படமாட்டா. எண்ணைப் பிளந்து அதன் உள்ளுறுப்பைப் பார்த்தவனுக்கே புலப்படும். பகாக் காரணி முறையைப் பாடசாலையில் வைத்திருப்பதற்கு நியாயம் இதுவே. எளிது என்பதற்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லுவது சரியாகாது.

கணிதப் பாடநூல் எழுதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பகாக் காரணி முறைக்குப் பக்கத்திலேயே மாற்றி மாற்றி வகுக்கும் முறையையும் அச்சிடுங்கள். பயிற்சிக் கணக்குகளின் இறுதியில், சிறிய எண்களோடு நிறுத்திவிடாமல், ஆரியபடரின் 5,77,53,336ஐயும் 1,57,79,17,500ஐயும் கொடுத்து, இரண்டு வழியாலும் செய்யச் சொல்லி, எவ்வழியில் எத்தனை வகுத்தல் ஆயிற்று என்று மாணவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.